இழுவை வண்டியும் பெரிய சக்கரமும்

கரிசல் நிலத்தில் ஓடும் மாட்டு வண்டிக்கு, ஆள் மார்பளவு உயர்ந்த சக்கரங்களைப் பூட்டினர் நம் முன்னோர். சேற்றிலும் பள்ளத்திலும் சிறிய சக்கரம் புதைந்து நின்றுவிடும். பெரிய சக்கரம் ஏறிக் கடந்துவிடும். இதனை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். பெரிய சக்கரங்கள்மீது உருண்டு வரும் தேரை நிறுத்த, அதற்குத் தக்க முட்டுக்கட்டையும், அதனை நேரம் பார்த்துப் போடவல்ல ஆளும் வேண்டும் என்பதையும் அவர்கள் மறந்ததில்லை. இவ்விரண்டு அறிவும் ஒருங்கே இருத்தல் வேண்டும். இக்கால மோட்டார் வண்டிகளின் உரிமையாளருள் சிலர் முதலாவதை நினைவிற் கொள்கின்றனர், இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். பழுதுற்ற வண்டிகளை இழுத்துச் செல்லும் வண்டியை உயர்த்திப் பெரிய சக்கரங்களைப் பூட்டுவதால் வரும் நன்மை யாது, தீமை யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

இதற்கு எடுத்துக்காட்டாகத் தாபோடியைக் கொள்ளுதல் பொருந்தும். புனே நகரை அடுத்து, முளா ஆற்றின் கரையில் அமைந்த ஊர் அது. பழைய மும்பை–புனே நெடுஞ்சாலை அவ்வூரின் வழியே சென்று, ஹாரிஸ் பாலத்தின்மீது ஆற்றைக் கடக்கின்றது. மகாராஷ்டிர மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனைகளுள் ஒன்று அங்கே உள்ளது. அக்கழகத்தின் முன்னோடி அமைப்பு, தன் முதற் பேருந்தைப் புனேயிலிருந்து அகமதுநகருக்கு 1948ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று ஓட்டியது. இன்று அகில்யாநகர் எனப்படுவது அவ்வூரே. இராணுவப் பொறியியல் கல்லூரியும் தாபோடியில்தான் இருக்கின்றது. ஆகவே, மோட்டார் வண்டியும் அதன் பழுதும் பழுதுபார்ப்பும் அவ்வட்டார மக்களுக்கு நன்கு பழகியவை.

அங்கிருந்து புறப்படும் இழுவை வண்டி எத்தகைய வழிகளிற் செல்லவேண்டியிருக்கும்? மழைக்காலத்தில் ஆற்றோரத் தாழ்நிலங்களில் நீரும் சேறும் தேங்கும். மேற்கே நெடுஞ்சாலையைப் பிடித்துச் சென்றால், லோணாவளா, கண்டாளா ஆகிய ஊர்களைக் கடந்து போர் கணவாய் வருகின்றது. சுமார் 620 மீட்டர் உயரத்திலுள்ள லோணாவளாவை விட்டுச் சிறிது தொலைவு சென்றதுமே, சாலை வளைந்து வளைந்து கோபோலியை நோக்கி இறங்குகின்றது. ஒரே வண்டி காலையிற் சேற்றிலும், மாலையில் மலைச்சரிவிலும் பணி செய்ய நேரலாம். சேற்றுக்கு உதவுவது சரிவுக்கும் உதவுமா என்பதே நம் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வண்டியை உயர்த்துதல் வேறு. அச்சை உயர்த்துதல் வேறு. வண்டியை உயர்த்துவதில் இரு முறைகள் உள்ளன. அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் இடையே கட்டை வைத்தோ, வளைவு மிகுந்த பட்டைகளைப் பூட்டியோ உயர்த்துவது ஒரு முறை. சட்டத்துக்கும் மேற்கூட்டுக்கும் இடையே கட்டை வைத்து, மேற்கூட்டை மட்டும் உயர்த்துவது மற்றொன்று. இரண்டினாலும் அச்சு ஒரு மயிரிழைகூட மேலெழுவதில்லை. பின்னச்சின் நடுவே பருத்திருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டிதான் பெரும்பாலும் கல்லிலும் மேட்டிலும் முதலில் இடிப்பது. அதனை உயர்த்தவல்லது டயர் ஒன்றே. வண்டியை உயர்த்துவதால் பெரிய டயருக்கு இடங்கிடைக்கின்றது.

எவ்வளவு உயரும் என்பதைக் கணக்கிட்டறியலாம். டயரின் பக்கத்தில் 265/65 ஆர் 17 என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. மூன்றாவது, உள்வளையத்தின் விட்டம், அங்குலத்தில். இதன்படி மொத்த விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 285/70 ஆர் 17 அளவுள்ள டயரைப் பூட்டினால் விட்டம் சுமார் 831 மில்லிமீட்டர் ஆகின்றது. கூடியது 55 மில்லிமீட்டர். அச்சு உயர்வதோ அதிற் பாதி, ஏறக்குறைய 27 மில்லிமீட்டர். பெருவிரலின் அகலத்தைவிடச் சற்றே அதிகம். இந்த ஓர் அங்குலத்துக்காக நாம் கொடுக்கும் விலையை இனிப் பார்ப்போம்.

புதிய சக்கரம் பழையதைவிட நூற்றுக்கு 7 பங்கு பெரியது. எஞ்சின் தரும் முறுக்கு அதுவேயாக இருக்க, அது தள்ளவேண்டிய நெம்புகோல் நீண்டுவிட்டது. ஆகவே சாலையின்மீது கிடைக்கும் இழுவிசை நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கு குறைகின்றது. இழுப்பதற்கென்றே உள்ள வண்டியில் இழுவிசையைக் குறைத்துக்கொள்கின்றோம்! வேகமானியும் பொய் சொல்லத் தொடங்குகின்றது. அது 60 கிலோமீட்டர் எனக் காட்டும்போது வண்டி உண்மையில் 64 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும்.

இறக்கத்தில் இக்குறை இரட்டிப்பாகின்றது. மலைச்சரிவில் நல்ல ஓட்டுநர் தாழ்ந்த கியரிற் செல்வார். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவும். பெரிய சக்கரத்தில் அப்பிடிப்பும் அதே அளவு தளர்கின்றது. பிரேக்கின் நிலையும் அதுவே. மிதியை முன்போலவே அழுத்தினால், சாலையிற் கிடைக்கும் தடைவிசை முன்னிலும் குறைவு. பெரிய டயர் கனமும் கூடியதாதலால், சுழலும் அதனை நிறுத்துவதும் கடினம். பின்னே வருவதோ பழுதுற்ற வண்டி. அதன் எஞ்சின் ஓடாவிட்டால், அதன் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசையும் கிடைக்காது. இரு வண்டிகளையும் நிறுத்தும் பொறுப்பின் பெரும்பகுதி முன்வண்டியின்மேல் விழுகின்றது. போர் கணவாயின் வளைவொன்றில் அப்பொறுப்பை நிறைவேற்ற இயலாது போனால், கீழ்வளைவில் வருவோரின் உயிருக்கும் ஆபத்து நேரும்.

அடுத்து, இழுக்கும் கொக்கியின் உயரம். இதனைப் பலர் கருதுவதேயில்லை. வண்டி ஒரு பொருளை இழுக்கும்போது, அவ்விழுப்பு முன்சக்கரங்களின் மேலுள்ள பாரத்திற் சிறிதளவைப் பின்சக்கரங்களுக்கு மாற்றுகின்றது. இழுவிசையைக் கொக்கியின் உயரத்தாற் பெருக்கி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் அந்த அளவு கிடைக்கும். அச்சுகளின் இடைவெளி 3.1 மீட்டர், கொக்கியின் உயரம் 50 சென்டிமீட்டர், இழுப்பு 500 கிலோ எடைக்குச் சமம் என்று கொள்வோம். முன்சக்கரங்கள் இழக்கும் பாரம் சுமார் 81 கிலோ. ஸ்பிரிங்கை 10 சென்டிமீட்டர் உயர்த்தி, மேற்சொன்ன டயரையும் பூட்டினால், கொக்கி ஏறக்குறைய 63 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். இழக்கும் பாரம் சுமார் 102 கிலோவாகின்றது. முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. இக்குறைக்கு மாற்று எளிது. கொக்கித் தகட்டைத் தாழ்த்தி, பழைய உயரத்துக்கே கொண்டுவருதல் வேண்டும். மேற்கூட்டை மட்டும் உயர்த்திய வண்டியில், டயரால் ஏறிய 27 மில்லிமீட்டரைத் தாழ்த்தினால் போதும்.

கொக்கியைத் தாழ்த்தலாம், வண்டியின் பார மையத்தைத் தாழ்த்த இயலாது. இரு சக்கரங்களின் இடையகலத்திற் பாதி 75 சென்டிமீட்டர், பார மையத்தின் உயரமும் 75 சென்டிமீட்டர் எனின், விகிதம் ஒன்று. மையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் விகிதம் 0.88 ஆகச் சுருங்கும். வளைவிற் கவிழாமல் நிற்கும் ஆற்றல் அந்த அளவு குறைந்துவிட்டது என்பது பொருள். சக்கரத்தை வெளியே தள்ளிப் பூட்டினால் இது ஓரளவு சீராகும். ஆயின் பேரிங்குகளின்மேல் பாரம் கூடி, அவை விரைவில் தேயும்.

இவையேயன்றி, சிறிய செய்திகள் பலவும் உள்ளன. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் மட்கார்டில் உராய்கின்றதா? உயர்ந்துவிட்ட வண்டியில் பிரேக் குழாய் இழுபட்டு நிற்கின்றதா? புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மிகுந்து, அதன் இணைப்புகள் அதிர்கின்றனவா? விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் விழுகின்றதா? டயரிற் பொறித்துள்ள பார எண்ணையும் பார்த்தல் வேண்டும். 116 எனில் ஒரு டயர் தாங்குவது 1,250 கிலோ. 121 எனில் 1,450 கிலோ. பெரிய டயர் என்பதனாலேயே அது அதிக பாரம் தாங்கும் என்று எண்ணுதல் தவறு.

இவ்வளவையும் அறிந்து செய்ய விரும்புவோருக்கு வழி இல்லாமலில்லை. பின்னச்சின் கிரவுன்-பினியன் பல்விகிதத்தை மாற்றினால் இழந்த இழுவிசை மீளும். முன்பு 3.9 ஆக இருந்த விகிதம் 4.17ஐ ஒட்டியிருத்தல் வேண்டும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியாயின் இரண்டு அச்சுகளிலும் ஒன்றுபோல் மாற்றியாக வேண்டும். பிரேக்கும் அதற்கேற்ப வலுவுள்ளதாக அமைதல் வேண்டும். மாற்றுச் சக்கரமும் அதே அளவினதாய் இருத்தல் இன்றியமையாதது.

ஆயினும், சட்டம் என்ன சொல்கின்றது என்பதை முதலிற் கேட்டறிதல் நன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைத் தயாரித்தவர் முதலிற் குறித்த விவரங்களினின்று மாறுபடுமாறு அதனை மாற்றியமைப்பதைத் தடுக்கின்றது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. இத்தடை வீண் கண்டிப்பன்று. ஒரு வகை வண்டியைச் சாலைக்கு விடுமுன் அதன் பிரேக், நிலைப்பு முதலியவற்றைச் சோதிக்கின்றனர். 1966இல் தோன்றிய இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் புனேயிலேயே அப்பணியைச் செய்து வருகின்றது. சோதித்தபோது இருந்த சக்கரம் வேறு, இப்போது பூட்டிய சக்கரம் வேறு என்றால், அச்சோதனையின் சான்று இவ்வண்டிக்குப் பொருந்தாதன்றோ?

அப்படியானால் சேற்றில் என் செய்வது? தயாரிப்பாளர் அவ்வண்டிக்கே அனுமதித்த அளவில், ஆழ்ந்த வெட்டுகள் கொண்ட சேற்று டயரைப் பூட்டலாம். சேற்றிற் செல்லுமுன் காற்றைச் சிறிது குறைத்தால் டயர் அகலப் பதிந்து பிடிக்கும். தார்ச்சாலைக்கு ஏறுமுன் மறவாமற் பழைய அளவுக்கு நிரப்பிக்கொள்ள வேண்டும். யாவற்றினும் மேலானது வின்ச்சும் அதனோடு ஒரு கப்பியும். பழுதுற்ற வண்டியிற் கப்பியைக் கட்டி, வடத்தை அதன் வழியே திருப்பிக் கொண்டுவந்து இழுவை வண்டியிலேயே முடிந்தால், உராய்வினாற் சிறிது போக, இழுவிசை ஏறத்தாழ இரு மடங்காகின்றது. இழுவை வண்டி சேற்றில் இறங்காமல், கெட்டித் தரையில் நின்றபடியே பணியை முடிக்கலாம். ஓர் அங்குல உயரத்துக்காகப் பெருஞ்செலவு செய்வோர், அதிற் சிறு பகுதியைக் கப்பிக்கும் வடத்துக்கும் செலவிட்டால் மிகுந்த பயன் காண்பர்.

இழுவை வண்டியின் திறமை அதன் உயரத்தில் இல்லை. பழுதுற்று நின்றவரை இழுத்து வந்து, தானும் பிறரும் ஊறுபடாமல் ஊர் சேர்ப்பதிலேதான் இருக்கின்றது. ஆகவே, சக்கரத்தை மாற்ற எண்ணுவோர் முதலிற் பிரேக்கைப் பார்க்கட்டும். அடுத்துக் கொக்கியைப் பார்க்கட்டும். பின்னர்ப் பதிவுச் சான்றிதழைப் பார்க்கட்டும். அம்மூன்றும் இடந்தந்தால் மட்டுமே டயர்க்கடைக்குச் செல்லட்டும்.