பல் செட் தருகிறது அரசு. பல்லைக் காப்பது யார்?

மைசூரு: "பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. போன பல்லை மீட்டுத் தரும் பொறுப்பைக் கர்நாடக அரசு 2014-ல் ஏற்றது. மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்த சித்தராமையா முதல்வராக இருந்தபோது தொடங்கப்பட்ட 'தந்த பாக்ய' திட்டத்தின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள முதியோருக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் மூலம் பல் செட் இலவசமாகப் பொருத்தப்பட்டது. கேரளத்திலும் 'மந்தஹாசம்' என்ற பெயரில் இத்தகைய திட்டம் உண்டு.

பாராட்டத்தக்க முயற்சிகள்தாம். ஆனால், பல் விழும் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

முதுமை காரணமல்ல

வயதானால் பல் விழுவது இயற்கை என்று பலரும் நம்புகின்றனர். உண்மையில் முதியோரின் பற்களைப் பறிப்பவை ஈறு நோயும் சொத்தையுமே. பல்லின் அடியில் படியும் காரை ஈறை அரித்து, பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைத்துவிடுகிறது. பெரும்பாலும் வலி இருப்பதில்லை. பல் துலக்கும்போது வரும் ரத்தமே முதல் எச்சரிக்கை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது.

ரத்த அழுத்தம் உள்ளிட்ட நோய்களுக்கான மருந்துகள் சில உமிழ்நீரைக் குறைக்கின்றன. வாய் வறண்டால், ஈறு இறங்கியதால் வெளிப்பட்ட வேர்ப்பகுதியில் சொத்தை எளிதில் பற்றும்.

வெற்றிலைக்குப் பெயர் பெற்ற ஊர் மைசூரு. வெற்றிலையோடு மெல்லும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிக்கை வெளியிட்டது. புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து பெருகும்.

மென்மையான பிரஷ், புளோரைடு பற்பசை கொண்டு நாள்தோறும் இருமுறை துலக்குவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல் மருத்துவரிடம் காட்டி, காரை படிந்திருந்தால் அகற்றுவது ஆகியன அடிப்படைத் தேவைகள். பல் செட் அணிவோர் இரவில் அதைக் கழற்றிக் கழுவி, நீரில் இட்டு வைக்க வேண்டும். பற்களே இல்லாதவர்களுக்கும் வாய்ப் பரிசோதனை அவசியம். வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய அது உதவும்.

தில்லி என்ன செய்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே நாட்டில் 60 வயது கடந்தோர் 10 கோடிக்கும் அதிகம். 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வேறுபாடின்றி ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கும் வகையில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் 29-ல் விரிவாக்கப்பட்டது. எனினும், அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது. காரை நீக்குதல், சொத்தை அடைத்தல், ரூட் கெனால் ஆகியன வெளிநோயாளியாகவே செய்துகொள்ளப்படுவதால் பயனாளிக்கு உதவி கிட்டுவதில்லை.

2014-15-ல் தொடங்கிய தேசிய வாய் நலத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளிலும் அதற்குக் கீழுள்ள நிலையங்களிலும் பல் சிகிச்சைப் பிரிவுகள் அமைக்க மாநிலங்களுக்கு உதவுகிறது. அந்தப் பிரிவுகள் கிராமத்து முதியோருக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றனவா, அங்கே மருத்துவர் இருக்கிறாரா என்று நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். பல் செட்டுக்கு ஒதுக்கும் நிதியோடு, பல்லைக் காப்பதற்கும் சிறு தொகை ஒதுக்கினால், பல் செட் கேட்டு வருவோரின் வரிசையே குறையும்.