பனியையும் தூசி என்று எண்ணும் கருவி

மார்கழி விடியற்காலையில் ஊரில் ஒரு லாரிகூட ஓடாத நேரத்தில், காற்றுத் தரம் 'மோசம்' என்று கைபேசி காட்டுகிறதே, கருவி பொய் சொல்கிறதா என்று நெய்வேலிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. பனித்துளி எது, தூசி எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நெய்வேலி போன்ற சுரங்கப் பகுதிகளில் கம்பத்துக்குக் கம்பம் வைக்கத் தோதான மலிவான தூசி சென்சார் கையில் அடங்கிவிடும். சூரியத் தகடு மின்சாரம் தரும். சிம் கார்டோ லோரா ரேடியோவோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கை அனுப்பிவிடும். உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கிறது, லேசர் கதிர் அதன் குறுக்கே பாய்கிறது. ஓட்டு இடுக்கில் விழும் வெயில் கீற்றில் தூசி மினுங்குவதைச் சிறுவயதில் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருப்பேன். இதுவும் அதே வித்தைதான். அந்த மினுக்கத்தைத்தான் சென்சார் தூசிக் கணக்காக மாற்றுகிறது. பனித்துளியும் மினுங்கும். ஈரம் குடித்து ஊதிய நுண்துகள் இன்னும் அதிகமாகவே மினுங்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் நம்பும் பெரிய பீட்டா கதிர்க் கருவி, காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே தூசியை நாடாவில் படியவைத்து அளக்கிறது.

மார்கழியில் கூட்டிச் சொல்வதைவிடக் கோடையில் குறைத்துச் சொல்வதுதான் எனக்குக் கவலை. பக்கெட் வீல் எந்திரம் மேல்மண்ணை வெட்டும்போதும், கன்வேயரிலிருந்து மண் கொட்டும்போதும், மண்சாலையில் லாரி ஓடும்போதும் கிளம்புவதில் பருந்தூசியே அதிகம். அதை இழுக்க அந்தச் சின்ன விசிறிக்குத் திராணி இல்லை. இந்த வகை சென்சார்களில் பல, நுண்துகளை மட்டும் பார்த்துவிட்டு, பருந்தூசியும் சேர்ந்த 'பிஎம் 10' அளவை ஒரு சூத்திரத்தால் ஊகிக்கின்றன. கொடித்துணி செம்மண் நிறமாகும் நாளிலும் திரையில் சாதுவான ஓர் எண் நிற்கலாம். 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம்; ஊகித்த எண்ணை அதன் பக்கத்தில் வைத்து 'எல்லாம் சரி' என்று அறிக்கை எழுதுவது மூச்சுத் திணறுகிறவரிடம் செய்யும் அநியாயம்.

அதற்காகச் சென்சாரே வேண்டாம் என்பதில்லை. கூடவே ஈரப்பத அளவியும் இருக்கட்டும். கோடையில் சில வாரம், மார்கழியில் சில வாரம் பீட்டா கருவியின் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுத் திருத்தட்டும். பருந்தூசியைப் பெரிய கருவியே அளக்கட்டும். இடமும் முக்கியம். தண்ணீர் தெளிக்கும் அலுவலகத் தோட்டத்தில் நட்டுவைத்தால் அந்தத் தோட்டத்தின் காற்றுதான் தெரியவரும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தூசி போவது சுரங்கத்துக்கு வடகிழக்கே இருக்கும் ஊர்களுக்கு. முதல் கருவி அங்கே பள்ளிக்கூட மாடியில் ஏற வேண்டும், எண் ஓடும் பலகை தெருவைப் பார்த்து இருக்க வேண்டும்.