குறைந்த கட்டண ஜிம்மில் சேரலாமா?

செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என நம்மவர் அதிகம் வாழும் பகுதிகளில் இப்போது தெருவுக்குத் தெரு ஜிம் இருக்கிறது. குளிர்சாதனம், வெந்நீர்க் குளியல், ஆளுக்கொரு பயிற்சியாளர் என்று வசதியாக இருப்பவை ஒரு வகை. ஒரே கூடம், மின்விசிறி, இரும்பு எடைகள், நாலைந்து இயந்திரங்கள், அவ்வளவே என்று இருப்பவை இன்னொரு வகை. கட்டணம் குறைவு என்பதால் இரண்டாவதில் சேரலாமா என்ற பேச்சு பல வீடுகளில் நடக்கிறது.

முதலில், ஜிம் எதற்கு? நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் தெரிவித்தது. லோக்கல் ரயிலில் இடிபட்டுச் சென்று, நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து, இரவு வீடு திரும்பும் வாழ்க்கையில் உடலுக்கு உழைப்பு போதவில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யவேண்டும் என்பது 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. முதலாவதை மைதானத்தில் விரைந்து நடந்தே முடித்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஆகவே ஜிம்முக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான். அதற்கு எடைகளும் சொல்லித்தர ஒருவரும் இருந்தால் போதும்.

ரயில்வே பட்டறையில் பல்லாண்டு வேலை பார்த்தவன் என்பதால் ஓர் உவமை சொல்கிறேன். இரண்டாம் வகுப்புப் பெட்டியில் மெத்தை கிடையாது, குளிர்சாதனம் கிடையாது. ஆனால் பிரேக்கில் மட்டும் எந்தக் குறையும் வைப்பதில்லை. ஜிம்மையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். எதைக் குறைத்துக் கட்டணத்தைக் குறைத்தார்கள் என்பதே கேள்வி. துண்டும் குளியலறையும் இல்லாவிட்டால் நஷ்டமில்லை. பாதுகாப்பில் கைவைத்திருந்தால் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சேருமுன், நீங்கள் போகப்போகும் அதே நேரத்தில் ஒருநாள் நேரில் சென்று பாருங்கள்.

1. எடையை இழுக்கும் இயந்திரங்களின் கம்பிக்கயிறு. கப்பியில் வளையும் இடத்திலும், கொக்கியில் மாட்டும் முனையிலும் மேலுறை கிழிந்தோ இழை அறுந்தோ இருக்கக்கூடாது.

2. டிரெட்மில்லில் அவசரமாக நிறுத்தும் கயிறு வேலை செய்யவேண்டும். பிளக்கில் எர்த் இணைப்பு இருக்கவேண்டும்.

3. காற்றோட்டம். மும்பைப் புழுக்கத்தில் வியர்வை உலராது. உடல் சூடு தணியாது. எதிரெதிர் ஜன்னலோ எக்ஸாஸ்ட் விசிறியோ அவசியம்.

4. வெளியேறும் வழி. அடித்தளத்தில் ஒரே குறுகிய படிக்கட்டு, அதிலும் பழைய சாமான்கள் என்றால் திரும்பிவிடுங்கள்.

5. எடை தூக்குபவரைக் கவனிக்க ஓர் ஆள். தனிப் பயிற்சியாளர் வேண்டாம். தவறாகத் தூக்கினால் தடுத்துச் சொல்பவர் ஒருவர் கூடத்தில் இருந்தே ஆகவேண்டும்.

அடுத்தது பணம். மாதக் கட்டணத்தைப் பார்க்காமல், ஒருமுறை போய்வர என்ன ஆகிறது என்று பாருங்கள். வருடத்துக்கு 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 150 நாள் போனால் நாளுக்கு 60 ரூபாய். இரண்டு மாதத்தில் 24 நாள் போய்விட்டு நின்றுவிட்டால் நாளுக்கு 375 ரூபாய்! அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் உறுப்பினர்களைப் பற்றி 2006-ல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. 70 டாலருக்கு மேல் மாதக் கட்டணம் செலுத்தியவர்கள் மாதத்துக்குச் சராசரி 4.3 முறைதான் வந்தார்கள். ஒவ்வொரு வருகைக்கும் 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் 10 டாலரில் முடிந்திருக்கும்.

ஆகவே ‘வருடத்துக்குச் சேர்ந்தால் பாதி விலை’ என்ற விளம்பரத்துக்கு மயங்காமல் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். பழக்கம் நிலைத்தபின் வருடச் சந்தா பற்றி யோசிக்கலாம். வீட்டிலிருந்தோ ஸ்டேஷனிலிருந்தோ பத்து நிமிட நடையில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். தூரமான இடம் மழைக்காலத்தில் தானாக நின்றுபோகும். ஜிம்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இருதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்கவேண்டும். நடுவில் நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெறவேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருப்பது நல்லது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். மேற்சொன்ன ஐந்தும் சரியாக இருந்தால், மின்விசிறி மட்டும் சுழலும் எளிய கூடத்தில் தயங்காமல் சேரலாம். வீட்டுப் பெண்மணிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தசை வலு அவர்களுக்கும் தேவை.