அடைப்புக்குறியும் பத்துக் குடம் தண்ணீரும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வறண்ட கரிசல் பூமி. கண்மாயும் மானாவாரி வெள்ளாமையும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே இருக்கின்றன. அங்கே விழும் ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் ஓர் அடைப்புக்குறியை மறந்துவிட்டால் என்ன ஆகும்? மாணவ நண்பர்களே, போட்டுப் பார்ப்போமா?

தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. திருச்சுழியில் 80 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மொட்டைமாடியை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் சரியாக ஒரு லிட்டர். ஒரு நாள் 20 மி.மீ. மழை பெய்கிறது. காய்ந்த தளம் நனையவும், தூசியைக் கழுவி வெளியேற்றவும் முதல் 2 மி.மீ. போய்விடுகிறது என்று கொள்வோம். தொட்டிக்கு வருவது எவ்வளவு?

ஒரு மாணவன் 80 × 20 − 2 என்று எழுதுகிறான். பெருக்கல் முதலில், கழித்தல் பிறகு. விடை 1598. ஒரு மாணவி 80 × (20 − 2) என்று எழுதுகிறாள். அடைப்புக்குள் இருப்பதே முதலில். 80 × 18 = 1440.

எது சரி? அலகுகளைப் பாருங்கள். 80 × 20 என்பது லிட்டர். 2 என்பதோ மில்லிமீட்டர். லிட்டரிலிருந்து மில்லிமீட்டரைக் கழிக்க முடியுமா? மேலும், இழப்பு மாடியின் ஒரு மூலையில் மட்டுமா? 80 சதுர மீட்டரிலும் அல்லவா? ஆகவே இழப்பையும் 80-ஆல் பெருக்க வேண்டும். பரப்பு ப, மழை ம, இழப்பு இ எனில்,

ப(ம − இ) = பம − பஇ

மாணவன் கணக்கில் மிகுந்த 158 லிட்டர், 15 லிட்டர் குடத்தால் பத்துக் குடத்துக்கும் மேல். அத்தனையும் தாளில் மட்டுமே உள்ள தண்ணீர்!

அடுத்து 14 மி.மீ. மழை. இழப்பு அதே 2 மி.மீ. தொட்டி 6000 லிட்டர் கொள்ளும். முதலில் காலியாக இருந்தது. இப்போது மீதி இடம்,

6000 − [80 × (20 − 2) + 80 × (14 − 2)]

உள் அடைப்பிலிருந்து வெளியே வாருங்கள்: 6000 − [1440 + 960] = 6000 − 2400 = 3600. சதுர அடைப்பை விட்டுவிட்டால் 6000 − 1440 + 960 = 5520 என்று வரும். கூட்டலும் கழித்தலும் சம நிலை. இடமிருந்து வலமாகவே செய்ய வேண்டும். இதை நம்பி 5000 லிட்டர் லாரித் தண்ணீர் வாங்கினால், காசு கொடுத்து வாங்கியதில் 1400 லிட்டர் தெருவில் ஓடும்.

இந்த வரிசைமுறை புவியீர்ப்பு போன்ற இயற்கை விதி அன்று. எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே பொருள் கொள்வதற்காக மனிதர் செய்துகொண்ட உடன்பாடு. வளைந்த அடைப்புக்குறிகளை இத்தாலியரான டார்டாக்ளியா 1556-இல் அச்சிட்ட நூலிலேயே காணலாம். ‘இதை ஒன்றாகக் கொள்க’ என்பதே அந்தக் குறியின் கட்டளை.

முடிவாக ஒரு கேள்வி. மூன்றாம் மழை 1.5 மி.மீ. மட்டும். 80 × (1.5 − 2) = −40. அப்படியானால் மழை பெய்ததால் தொட்டியில் 40 லிட்டர் குறைந்துவிடுமா? அடைப்புக்குள் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்று யோசியுங்கள். விடை உங்களுக்கே புலப்படும்.