காரின் கூரையைத் தாழ்த்துதல்



பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ காண நேர்ந்தால், அதன் என்ஜின் மூடியைச் சற்று உற்று நோக்குங்கள். மூடியின் நடுவே முன்னிருந்து பின்னாகத் தட்டையான பட்டி ஒன்று ஓடும். அது அலங்காரத்துக்காக அமைத்ததன்று. ஒரு காரை அறுத்ததன் தழும்பு. அக்காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பார், 1947 ஆம் ஆண்டில், மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றுகிறது என்று கருதி, அதனை நெடுக்காக இரு கூறாக அறுப்பித்தார். கூறுகளை மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியில் மனநிறைவு கொண்டார். 1948 இல் வெளிவந்த கார் அந்த நான்கு அங்குலத்தையும் சுமந்தே வந்தது.

இசிகோனிஸ் செய்த வேலை ஒருவகையில் எளிது. நடுவே அறுத்தால் இரு விளிம்புகளும் ஒரே வடிவாக இருக்கும்; இடையிலே ஒரு பட்டியை வைத்துப் பொருத்திவிடலாம். காரின் கூரையை அறுத்துத் தாழ்த்துவதோ அத்தகையதன்று. இன்று யான் பேச எடுத்துக்கொண்டது அவ்வேலையைப் பற்றியே.

இக்கலை வளர்ந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. அங்கே மொஹாவிப் பாலைவனத்தில் மியூரொக், எல் மிராஜ் முதலிய வற்றிய ஏரிகள் உள. ஆவணி மாதத்தில் வற்றிக் கிடக்கும் குளத்துத் தரையைக் கண்ட வன்னி மக்களுக்கு அந்த நிலத்தை விவரிக்க வேண்டியதில்லை. 1930களில் இளைஞர்கள் பழைய ஃபோர்ட் கார்களை அத்தரையில் ஓட்டிப் போட்டியிட்டனர். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். காற்றை எதிர்கொள்ளும் முகப்பைச் சிறிதாக்கினால் எதிர்ப்புக் குறையும். ஆகவே கூரையைத் தாழ்த்தினர். போருக்குப் பின்னர் வேகத்தை மறந்து, அழகுக்காகவே தாழ்த்தத் தலைப்பட்டனர்.

இதில் உள்ள இடர்ப்பாடு யாது? வீட்டிலுள்ள பனையோலைக் கடகம் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். கீழே அகன்றும் மேலே ஒடுங்கியும் இருக்கும். இடையிலே மூன்று அங்குல அகலத்துக்கு ஒரு வளையத்தை அறுத்து எடுத்துவிட்டு, மேற்பகுதியைக் கீழ்ப்பகுதியின்மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தாது, மேல்விளிம்பு சிறிது, கீழ்விளிம்பு பெரிது. (கலைப் பட்டதாரி கேத்திரகணிதம் பேசுவதைக் கணித ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.) காரின் கூரையைத் தாங்கும் தூண்களும் அவ்வாறே உட்சாய்ந்து நிற்பன. 1928 முதல் 1931 வரை வெளிவந்த ஃபோர்ட் ‘ஏ’ வகைக் கார்களில் தூண்கள் ஏறக்குறைய நேராக நின்றமையால் வேலை இலகுவாயிற்று. பின்னர் வந்த உருண்டை வடிவக் கார்களிலேதான் கைத்திறன் சோதிக்கப்பட்டது.

தீர்க்கும் வழிகள் இரண்டு. கூரையையே இரண்டாக அல்லது நான்காக அறுத்து, துண்டுகளை விலக்கி, இடையிலே புதுத் தகட்டை ஒட்டிப் பெரிதாக்கலாம். அன்றேல் கீழே நிற்கும் தூண்களை உட்புறமாகச் சாய்த்துக் கூரையைச் சந்திக்கச் செய்யலாம். தேர்ந்த தொழிலாளர் இரண்டையும் கலந்தே செய்வர். அறுப்பதற்கு முன் கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளை ஒட்டி உடலை இறுக்கிவிடவேண்டும். இன்றேல் கூரையை நீக்கியதும் உடல் நெளிந்து, கதவு பின்னர் ஒருபோதும் சரியாக மூடாது. கதவுகளின் மேற்சட்டங்களையும் அதே அளவுக்குக் குறைத்தல் வேண்டும். ஒட்டும்போது ஒரே இழுப்பாக ஒட்டலாகாது. வெப்பத்தால் மெல்லிய தகடு சுருங்கி அலையலையாகிவிடும். இங்கு ஓர் அங்குலம், எதிர்ப்புறத்தில் ஓர் அங்குலம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டவேண்டும். ஒட்டிய இடங்களின்மேல் அக்காலத்தார் ஈயத்தை உருக்கிப் பூசி, மரத்தட்டினால் தடவி, அரத்தால் மட்டஞ்செய்தனர். கார் புரண்டால் தலையைக் காப்பவை அத்தூண்களே; ஆதலின் ஈயத்துக்கு அடியில் மறைந்திருக்கும் ஒட்டிலேதான் உயிர் தங்கியிருக்கிறது.

இவ்வேலையிற் புகழ் பெற்றவர்கள் ஜோர்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்னும் சகோதரர். பொப் ஹிரோஹாட்டா என்னும் இளைஞர் தமது 1951 ஆம் ஆண்டு மேர்க்குரிக் காரை 1952 இல் அவர்களுடைய பட்டறையில் ஒப்படைத்தார். முன்புறம் 4 அங்குலமும் பின்புறம் 7 அங்குலமுமாகக் கூரை தாழ்ந்தது. 2017 இல் அக்கார் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது.

வன்னியிலோ பழைய காரின்மேற் சென்ற கைத்திறன் வேறு. 1990 முதல் எரிபொருள் தடை நிலவிய காலத்தில், காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் எரிகலவையை ஏழில் ஒரு பங்கு அளவுக்கே நெருக்குவன. மிக நெருக்கினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே தீப்பற்றி என்ஜினை இடிக்கும். புதிய கார்கள் நின்றுபோக, கிழட்டுக் கார்கள் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றி ஓடியதன் காரணம் இதுவே. 2009 இல் முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்ட வாகனங்கள் குவியல் குவியலாய்த் துருவேறிக் கிடந்தன. அவற்றுட் பல பழைய இரும்பாயின.

எனவே, படங்களைப் பார்த்த மாணவர் சிலர் எஞ்சிய கார்களின் கூரையைத் தாழ்த்தலாமா என வினவும்போது யான் உடன்படுவதில்லை. 1949 ஆம் ஆண்டு மேர்க்குரிக் கார் ஏறக்குறைய மூன்று இலட்சம் செய்யப்பட்டது. அங்கே ஒன்றை அறுப்பதால் இனம் அழியாது. இங்கே ஊருக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. சுக்குநூறாகிப் பயனற்றுப்போன உடல் கிடைத்தால் அதிற் பழகலாம். அதற்குத் தடை சொல்லேன். அப்போதும் கண்ணாடியை முதலில் எண்ணவேண்டும். 1956 இற்கு முற்பட்ட மொறிஸ் மைனரில் முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள்; புதிய அளவுக்கு வேறு வெட்டுவிக்கலாம். அதன் பின்னர் வந்தவற்றில் வளைந்த ஒற்றைக் கண்ணாடி. பதப்படுத்திய கண்ணாடியாயின், வாள் பட்ட கணமே அது சிறு மணிகளாய்ச் சிதறிவிடும்.