பக்கவாதம்: மருத்துவர் போடும் மதிப்பெண் எதற்கு?

பக்கவாதம் என்று அத்தாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், மருத்துவர் 'இது என்ன மாதம்? உங்கள் வயது என்ன?' என்று கேட்பார். கைகளை 10 நொடியும், கால்களை 5 நொடியும் தூக்கிப் பிடிக்கச் சொல்வார். இந்த நேரத்தில் என்ன விசாரணை என்று நாம் பதறுகிறோம். அது விசாரணையல்ல, என்.ஐ.எச்.எஸ்.எஸ். என்ற அளவுகோல்.

பார்வை, முகம், கை, கால், உணர்ச்சி, பேச்சு என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 42. இங்கே மதிப்பெண் கூடினால் பாதிப்பும் அதிகம். 1 முதல் 4 வரை லேசானது. 21க்கு மேல் மிகக் கடுமையானது. முதலில் போட்ட எண்ணோடு ஒப்பிட்டே, பிறகு நோயாளி தேறுகிறாரா என்று பார்ப்பார்கள். ஆகவே அத்தாவுக்காக நாம் பதில் சொல்லக் கூடாது, எண் தவறிவிடும்.

எண் குறைவு என்றால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. மூளையின் பின்பகுதியில் வரும் பக்கவாதத்தில் தலைசுற்றலும் தள்ளாட்டமும் இருந்தும் எண் குறைவாகவே வரலாம்.

இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். செங்கத்திலிருந்தோ போளூரிலிருந்தோ திருவண்ணாமலைக்கு வரும் பயணமும் அதில் அடக்கம். எனவே வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழைப்போம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்வோம்.