நன்னடத்தை அலுவலர் பணியும் தனியார்மயமும்: இங்கிலாந்து தரும் பாடம்

குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைப் பிணையில் நீதிமன்றம் வெளியே விடலாம். அப்படி விடப்பட்டவரை மேற்பார்வையிட்டு, அவர் திருந்தி வாழ உதவுபவரே நன்னடத்தை அலுவலர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 இல் இப்பணியின் பெரும்பகுதி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 2021 இல், அது மீண்டும் அரசிடம் திரும்பியது. அந்நாட்டு நன்னடத்தை அலுவலர்களின் தொழிற்சங்கம் இதை முதலிலிருந்தே எதிர்த்தது. சங்கம் ஏன் கவலைப்பட்டது, பின்னர் என்ன நடந்தது, இதில் நாம் அறிய வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல் விளக்கம்

‘புரொபேஷன்’ என்ற சொல்லை மாணவர்கள் இரண்டு பொருளில் கேட்டிருப்பார்கள். அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு உரியது தகுதிகாண் பருவம். இங்கே பேசப்படுவது அதுவன்று. குற்றவியல் நீதியில் வரும் நன்னடத்தை மேற்பார்வை. இதைப் பரோலுடனும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பரோல் என்பது சிறையில் இருப்பவரை இடையில் வெளியே விடுவது. நன்னடத்தைப் பிணை சிறைத் தண்டனைக்கு மாற்றாக வழங்கப்படுவது.

தோற்றம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணி செய்பவர், 1841 இல் குடிப்பழக்கத்தால் நீதிமன்றத்துக்கு வந்த ஒருவரைத் தம் பொறுப்பில் பிணையில் எடுத்துத் திருத்த முயன்றார். இம்முறையின் தொடக்கமாக இதையே பலரும் குறிப்பிடுவர். இங்கிலாந்தில் மதுவிலக்குச் சங்கங்களைச் சேர்ந்த தொண்டர்கள் இத்தகைய வேலையை நீதிமன்றங்களில் செய்துவந்தனர். 1907 இல் வந்த சட்டம் அதை முறையான பணியாக்கியது. அறிவுரை கூறுவது, உதவுவது, நண்பராக இருப்பது ஆகிய மூன்றையும் அச்சட்டம் அலுவலரின் கடமைகளாக வைத்தது.

இந்தியாவில்

சென்னை மாகாணம் 1936 ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச் சட்டம் கண்டது. நாடு முழுவதற்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958 இல் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் சில:

பிரிவு 3: முன்பு தண்டனை பெறாதவர் செய்த சில சிறு குற்றங்களுக்கு எச்சரித்து விடுவிக்கலாம்.

பிரிவு 4: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் தவிர மற்றவற்றில், மூன்று ஆண்டுகளுக்கு மிகாத நன்னடத்தைப் பிணையில் விடலாம். மேற்பார்வைக்கு உத்தரவிட்டால் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது.

பிரிவு 6: ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்தில், 21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதானால் நீதிமன்றம் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். முடிவுக்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்டுப் பெற வேண்டும்.

பிரிவு 14: குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை தருவது, மேற்பார்வையிடுவது, தேவைப்பட்டால் வேலை தேட உதவுவது ஆகியவை அலுவலரின் கடமைகள்.

தமிழ்நாட்டில் இவ்வலுவலர்கள் சிறைத்துறையின் கீழ் பணியாற்றுகின்றனர். எடுத்துக்காட்டாக, தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் இளைஞன் ஒருவன், 19 வயதில், முதன்முறையாகத் திருட்டு வழக்கில் சிக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் வீட்டின் நிலை என்ன, படிப்பு எப்போது நின்றது, யாருடன் சேர்ந்து சுற்றுகிறான் என்பதெல்லாம் வழக்குக் கட்டில் இருக்காது. அலுவலர் ஊருக்குப் போய், பெற்றோரையும் அக்கம்பக்கத்தாரையும் பார்த்துப் பேசினால்தான் அறிக்கை எழுத முடியும். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் அவன் சிறைக்குப் போவதா, வீட்டிலிருந்தே திருந்துவதா என்பதை நீதிபதி முடிவு செய்வார்.

தொழிற்சங்கமும் அதன் மாநாடும்

இங்கிலாந்தின் நன்னடத்தை அலுவலர் தேசியச் சங்கம் 1912 இல் தொடங்கப்பட்டது. சுருக்கமாக ‘நாப்போ’ என்பர். இது ஊதியத்துக்குப் போராடும் தொழிற்சங்கமாகவும், பணியின் தரத்தைப் பேசும் தொழில்முறை அமைப்பாகவும் இயங்குகிறது. இதன் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் கிளைகள் தீர்மானங்களை அனுப்புகின்றன. விவாதத்துக்குப் பின் உறுப்பினர்கள் வாக்களிக்கின்றனர். நிறைவேறியவையே சங்கத்தின் கொள்கையாகின்றன. நம் ஊர் ஆசிரியர் சங்க மாநாடுகளைப் பார்த்தவர்களுக்கு இம்முறை புதிதன்று.

2014 இல் செய்யப்பட்ட மாற்றம்

அப்போதைய நீதித்துறை அமைச்சர் கிறிஸ் கிரேலிங் 2013 இல் திட்டத்தை அறிவித்தார். 2014 ஜூன் 1 அன்று, அதுவரை இருந்த 35 பொதுத்துறை அறக்கட்டளைகள் கலைக்கப்பட்டன. பணி இரண்டாகப் பிரிந்தது. பெரும் ஆபத்து விளைவிக்கக் கூடியவர்கள் அரசின் தேசியச் சேவையிடமும், குறைந்த, நடுத்தர ஆபத்துடையவர்கள் 21 சமுதாய மறுவாழ்வு நிறுவனங்களிடமும் ஒப்படைக்கப்பட்டனர். 2015 பிப்ரவரியில் இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் தனியார் கைக்குச் சென்றன. மறுகுற்றம் குறைந்தால் கூடுதல் பணம் என்பது ஒப்பந்தத்தின் ஒரு பகுதி.

திட்டத்தில் நல்ல நோக்கமும் இருந்தது. அதுவரை ஓராண்டுக்குக் குறைவாகத் தண்டனை பெற்று வெளியே வந்தவர்களுக்கு மேற்பார்வையே இல்லை. புதிய சட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது.

சங்கத்தின் கவலைகள்

1. ஒருவரின் ஆபத்துநிலை நிலையானதன்று. வேலை போனாலோ, குடும்பத்தில் சண்டை வந்தாலோ அது மாறும். அப்போது அவர் ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுவார். இடையில் தகவல்கள் விட்டுப்போகும்.

2. செலவைக் குறைக்க நிறுவனங்கள் அனுபவமுள்ள அலுவலர்களைக் குறைக்கும். இருப்பவர்களின் சுமை கூடும்.

3. தண்டனையை நிறைவேற்றுவது அரசின் பொறுப்பு. அதில் இலாப நோக்கம் நுழையக் கூடாது.

2013 நவம்பரிலும் 2014 வசந்தத்திலும் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. எனினும் திட்டம் நிற்கவில்லை.

நடந்தது என்ன

நிறுவனங்களுக்கு வந்த வேலை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததால் வருமானமும் குறைந்தது. சில இடங்களில் நேரில் சந்திப்பதற்குப் பதிலாகத் தொலைபேசியில் பேசுவதே மேற்பார்வையாகிவிட்டதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். 2019 பிப்ரவரியில் ‘வொர்க்கிங் லிங்க்ஸ்’ என்ற நிறுவனம் திவாலானது. அடுத்த மாதம் வெளிவந்த தேசியத் தணிக்கை அலுவலக அறிக்கையின்படி, முதல் ஒப்பந்தங்களில் தேவைப்பட்டதைவிடக் குறைந்தது 46.7 கோடி பவுண்டு அதிகமாக அரசு செலுத்த வேண்டியிருந்தது. 2011 முதல் 2017 மார்ச் வரை மீண்டும் குற்றம் செய்தோரின் விகிதம் 2.5 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. ஆனால் அப்படிச் செய்தவர்கள் ஒவ்வொருவரும் செய்த குற்றங்களின் சராசரி 22 சதவீதம் உயர்ந்தது. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் வெற்றி போலத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அப்போதைய தலைமை ஆய்வாளர் கிளெனிஸ் ஸ்டேசி, இந்த அமைப்புமுறையே சீர்செய்ய முடியாத குறையுடையது என்று 2019 இல் முடிவுகூறினார். 2021 ஜூன் 26 முதல் எல்லாம் ஒரே பொதுச் சேவையாக இணைக்கப்பட்டன.

எல்லாம் தீர்ந்ததா

இல்லை. அரசிடம் திரும்பிய பிறகும் ஆள் பற்றாக்குறையும் பணிச்சுமையும் தொடர்ந்தன. அதனால் தனியார்மயம் மட்டுமே நோய் என்று கருதுவது சரியாகாது. தன் உறுப்பினர்களின் வேலையைக் காப்பதும் சங்கத்தின் நோக்கம்தான் என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் பணம், தரம் ஆகிய இரண்டு கவலைகளையும் அரசின் தணிக்கையும் ஆய்வுமே பின்னர் உறுதிசெய்தன.

நமக்குள்ள கேள்வி

நம் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 13, மாநில அரசு அங்கீகரித்த ஒரு சங்கம் அளிக்கும் நபரும் நன்னடத்தை அலுவலராகலாம் என்கிறது. அதாவது அரசுக்கு வெளியே உள்ளவர்களுக்கு நம் சட்டத்திலும் இடம் உண்டு. தொண்டு மனத்தோடு தொடங்கிய பணிக்கு அது பொருத்தமானதே. ஆனால் தொண்டு வேறு, ஒப்பந்தம் வேறு. என்றாவது இப்பணியை ஒப்பந்தத்தில் விடும் பேச்சு வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எதற்குப் பணம் தரப்படுகிறது? ஓர் அலுவலரிடம் எத்தனை பேர் ஒப்படைக்கப்படுவர்? நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? பென்னாகரத்து இளைஞனின் வீட்டுக்கு ஒருவர் நேரில் போவாரா, தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசி முடிப்பாரா என்பது இவற்றுக்கான பதிலைப் பொறுத்தது.